1969 செவர்லே சி10: தரைக்கு அடியில் இருக்கும் தாங்கு சேனல் இற்றுவிட்டது, எங்கிருந்து தொடங்குவது?

நீலவண்டி

வணக்கம். 1969 செவர்லே சி10 பிக்கப் ஒன்றை வாங்கிப் பத்து மாதம் ஆகிறது. இன்ஜின், பிரேக் வேலையெல்லாம் முடித்துவிட்டு இந்த வாரம்தான் கேபினுக்குள் கை வைத்தேன். ஓட்டுநர் பக்கம் மிதியடியைத் தூக்கினால் கீழே தார் பூசிய தகடு. பழைய தரையின் மேலேயே புதுத் தகட்டை ரிவெட் அடித்து மூடியிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தேன். கிளட்ச் பெடலுக்குக் கீழே உள்ளங்கை அளவு ஓட்டை. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வண்டியைத் தூக்கி அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. தரைக்குக் குறுக்கே ஓடும் தாங்கு சேனல், ராக்கரோடு (கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டம்) சேரும் இடத்தில் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. கேபினை அடிச்சட்டத்தோடு இணைக்கும் முன்பக்க மவுண்ட் போல்ட்டைச் சுற்றியும் பாதி இரும்பு இல்லை.

ஓட்டுநர் பக்கக் கதவை லேசாகத் தூக்கித்தான் மூட வேண்டியிருக்கிறது. இவ்வளவு நாளும் கீல் தேய்மானம் என்று நினைத்திருந்தேன்.

என் திட்டம்: இற்ற தரையை வெட்டி எடுத்துவிட்டு 3 மி.மீ. தகடு போடுவது. அடியில் சேனலுக்குப் பதிலாக 50க்கு 25 பாக்ஸ் டியூப் வைத்து ராக்கரிலிருந்து நடு மேடு (கியர்பாக்ஸுக்கு மேலே தரை புடைத்திருக்கும் இடம்) வரை வெல்டிங். தொழிற்சாலையில் செய்ததைவிட உறுதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். சரிதானா?

தகரவேலை

தம்பி, கிரைண்டரைக் கீழே வையுங்கள். இன்னும் எதையும் வெட்ட வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் முக்கியமான விஷயம் ஓட்டை இல்லை, கதவு. இந்த வண்டியில் கேபின் தனி, சேசிஸ் தனி. நடுவில் ரப்பர் மவுண்ட்கள். முன் பில்லரின் (கதவுக் கீல் பிடித்திருக்கும் தூண்) எடை, அதில் தொங்கும் கதவின் எடை எல்லாம் ராக்கர், தாங்கு சேனல் வழியாகத்தான் அந்த மவுண்ட்டுக்கு இறங்குகிறது. சேனலின் முனை இற்றுப்போனால் பில்லருக்குக் கீழே பிடிமானம் இல்லை. பில்லர் மெல்ல இறங்கும், கதவும் கூடவே இறங்கும். இந்த நிலையில் தரையையும் வெட்டி எடுத்தால் மிச்சமிருக்கும் பிடிமானமும் போய்விடும். அப்புறம் என்ன பொருத்தினாலும் கோணலாகத்தான் பொருந்தும்.

முதலில் இரண்டு சோதனை. கதவைப் பாதி திறந்து வைத்து நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் கீலின் பின் (அச்சு ஊசி), புஷ் தேய்ந்திருக்கிறது, அதை முதலில் மாற்றுங்கள். அப்புறம் கதவை மூடி, கதவில் ஓடும் கோடும் கேபினின் பின்மூலையில் ஓடும் கோடும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள். வலது பக்கமும், அதாவது ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கமும், அளந்து எழுதுங்கள். அளவில்லாமல் இந்த வேலையில் ஒரு அடிகூட வைக்கக்கூடாது.

மூன்றாம் கியர்

தகரவேலை அண்ணன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் நீலவண்டியின் திட்டம் அவ்வளவு மோசமில்லை. என் 1971 வண்டியில் ஆறு வருடத்துக்கு முன் இதே பாக்ஸ் டியூப் வேலையைத்தான் செய்தேன். 3 மி.மீ. கன டியூப், இரண்டு முனையிலும் சுற்றி முழு வெல்டிங். இன்றைக்கும் ஏறி நின்று குதிக்கலாம். பழைய சேனல் 1.5 மி.மீ. தகடுதானே? மெல்லியதாக இருந்ததால்தான் இற்றது. கனமாகப் போட்டால் இன்னொரு ஐம்பது வருடம் தாங்கும்.

தகரவேலை

மெல்லியதாக இருந்ததால் இற்றது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஐம்பது வருடமாகச் சேறும் நீரும் உள்ளே தங்கியதால் இற்றது. தண்ணீர் நிற்கும் இடத்தில் 3 மி.மீ. இரும்பும் இற்றுத்தான் போகும், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

விட்டமும் தூணும்

நான் வண்டி மெக்கானிக் இல்லை, கட்டட இரும்புச் சட்டங்கள் கணக்கிடும் வேலை. சொந்தமாக ஒரு பழைய பிக்கப் இருப்பதால் இங்கே வந்து போகிறேன். ‘கனமாகப் போட்டால் உறுதி’ என்பதை எண்ணாலேயே பார்த்துவிடலாம்.

60 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனம் உள்ள தட்டைப் பட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவை எதிர்க்கும் அளவாக நாங்கள் கணக்கிடும் எண் அதற்கு 625. இப்போது வெறும் 1.5 மி.மீ. தகட்டைத் தொப்பி வடிவில் மடியுங்கள்: நடுவில் 60 மி.மீ., இரண்டு சுவர்கள் 30 மி.மீ. உயரம், விளிம்புகள் பக்கத்துக்கு 15 மி.மீ. இதற்கு அந்த எண் ஏறத்தாழ 35,000. ஐம்பத்தாறு மடங்கு. எடையோ தட்டைப் பட்டியில் முக்கால் பங்குதான்.

உறுதி கனத்தில் இல்லை, ஆழத்தில் இருக்கிறது. அதே தொப்பிச் சேனலை யாராவது தவறான இடத்தில் ஜாக்கி வைத்து நசுக்கி, 30 மி.மீ. ஆழம் 15 ஆகிவிட்டது என்று வையுங்கள். எண் 8,000க்குக் கீழே விழும். நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. பழைய வண்டிகளின் அடியில் இப்படி நசுங்கிய சேனல்களை நிறையப் பார்க்கலாம். துரு இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். அதுவும் பழுதுதான்.

பாக்ஸ் டியூபுக்கும் ஆழம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. என் கவலை அதன் முனை. 3 மி.மீ. டியூப் அசையாது. அதைப் பிடித்திருக்கும் தரைத் தகடு ஒரு மி.மீ. சொச்சம். சேசிஸ் முறுக்கும்போதெல்லாம் அசைவு முழுக்க வெல்டிங் முடிகிற அந்த ஒரு கோட்டில் வந்து சேரும். கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்தால் என்ன ஆகும்? அதேதான் அங்கேயும்.

மூன்றாம் கியர்

கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறு வருடமாக என் வண்டியில் ஒன்றும் ஆகவில்லையே. சரி, சனிக்கிழமை வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருகிறேன். எது இருக்கிறதோ அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நீலவண்டி

அளவுகள்: கீலில் ஆட்டம் இருந்தது, பின் மாற்றினேன். அதன் பிறகும் ஓட்டுநர் பக்கக் கதவின் கோடு 6 மி.மீ. கீழே இருக்கிறது. வலது பக்கம் 1 மி.மீ. மட்டுமே.

கதவைக் கழற்றி வைத்துவிட்டேன். திறப்பு அசையாமல் இருக்க 25 மி.மீ. சதுர டியூபை முன் பில்லரிலிருந்து பின் பில்லருக்குக் குறுக்காக ஒன்று, மூலைக்கு மூலை ஒன்று என்று டேக் (சிறு புள்ளி வெல்டு) அடித்துவிட்டேன். இனி வெட்டலாமா?

தகரவேலை

அந்த பிரேஸை (தற்காலிகக் குறுக்குத் தாங்கல்) அறுத்துவிடுங்கள், தம்பி. கோபப்படாதீர்கள். நீங்கள் பிரேஸ் அடித்தது கேபின் 6 மி.மீ. இறங்கிய நிலையில். அப்படியே வேலையை முடித்தால் அந்தச் சாய்வைப் புது இரும்பில் நிரந்தரமாக்கியதுதான் மிச்சம்.

முறை இது. கதவை மறுபடி மாட்டுங்கள். சேசிஸை நாலு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்துங்கள், ஸ்பிரிட் லெவல் வைத்துப் பாருங்கள். முன் பில்லருக்கு நேர் கீழே, இரும்பு நன்றாக இருக்கும் இடத்தில் அகலமான மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுங்கள். அந்தப் பக்க மவுண்ட் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். அவசரமே கூடாது. ஒரு மி.மீ. தூக்குங்கள், கதவை மூடிப் பாருங்கள், மறுபடி ஒரு மி.மீ. கோடுகள் நேராகி, பூட்டு கை படாமல் தானாக விழும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு பிரேஸ் அடியுங்கள். கதவை மூடிய நிலையிலேயே உள்பக்கமாக பிரேஸ் பொருத்தினால் இன்னும் நல்லது. பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் கதவைத் திறந்து மூடிச் சரிபார்க்கலாம். இடது வலது முன் பில்லர்களை இணைத்தும் ஒரு டியூப் வேண்டும்.

ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். நல்ல பக்கம்தான் உங்களுக்கு அளவுகோல்.

பின்சக்கரம்

எல்லாரும் வெல்டிங்குக்குப் போவதற்குள் ஒன்று சொல்ல வேண்டும், இது உயிர் சமாச்சாரம். 1967 முதல் 1972 வரை வந்த சி10களில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. 1973இல் புது வடிவம் வந்தபோதுதான் அதை வெளியே, சேசிஸ் பக்கம் மாற்றினார்கள். தீப்பொறி பறக்கப்போகும் இடத்திலிருந்து இரண்டு அடி தூரத்தில் உங்கள் டேங்க் இருக்கிறது. காலி செய்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் நிரம்பிய டேங்க்கைவிட ஆபத்து. கழற்றி, வேலை நடக்கும் கட்டடத்தைவிட்டே வெளியே கொண்டுபோய் வையுங்கள். நிரப்பும் குழாயையும் கழற்றுங்கள், எரிபொருள் பைப்பின் முனையை அடையுங்கள்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்பை வெல்டு செய்யும் தகட்டிலேயே, பக்கத்தில் மாட்டுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டில் வெல்டு செய்யக்கூடாது. ஆர்க் பட்டால் அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தோடு வேலை செய்யுங்கள். அந்தப் புகையும் காய்ச்சலில் படுக்க வைக்கும்.

தாரும் பழைய ஃபெல்ட்டும் கேபினுக்குள் ஒட்டியிருந்தால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெல்டிங் முடிந்ததும் உடனே கதவைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் வண்டியில் புகை வந்தது வெல்டிங் முடிந்து நாற்பது நிமிடம் கழித்து.

நீலவண்டி

பின்சக்கரம், நன்றி. டேங்க்கைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, ‘கால் பங்குதான் இருக்கிறது’ என்று விட்டிருந்தேன். கழற்றித் தோட்டத்துக் கொட்டகையில் வைத்துவிட்டேன்.

பிரேஸை அறுத்தேன், கதவை மாட்டினேன், ஜாக்கி கொடுத்தேன். நாலாவது மி.மீ.யில் மவுண்ட் பக்கம் ‘டக்’கென்று சத்தம். போல்ட் துருவோடு பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. சுற்றினால் நட்டும் கூடவே சுற்றுகிறது. கடைசியில் கேபினுக்கும் சேசிஸுக்கும் இடையில் பிளேடை விட்டுக் கையாலேயே அறுத்தேன், இரண்டு மணி நேரம் ஆனது. அதன் பிறகு கேபின் தானாக ஏறியது. இப்போது கோடு நேர்க்கோடு. கதவு ஒரே விரலில் மூடுகிறது. இந்த வண்டி என்னிடம் வந்ததிலிருந்து பூட்டு விழும் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை!

அடுத்த கேள்வி: சேனலை நானே மடிப்பதா, ரெடிமேடாக வாங்குவதா?

தகரவேலை

அந்தச் சத்தம் கேட்டதே பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்த வருடங்களின் சி10க்கு ராக்கர், தரை, தாங்கு சேனல் எல்லாமே ரெடிமேடாகக் கிடைக்கிறது. என் கருத்து: அச்சில் அழுத்திப் பல வளைவு கொடுத்த பாகங்களை வாங்குங்கள். ராக்கர், மவுண்ட் உட்காரும் பகுதி அந்த ரகம். நேராக ஓடும் தொப்பிச் சேனலை நீங்களே மடிக்கலாம், உங்கள் தரைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். வாங்கிய பாகத்தையும் நம்பி அப்படியே வெல்டு செய்யாதீர்கள். ஓட்டை இரண்டு மூன்று மி.மீ. தள்ளியிருப்பது சாதாரணம்.

மடிப்பதானால் வலது பக்கத்துச் சேனலைச் சுத்தம் செய்து, அட்டையில் வடிவம் எடுத்து, அட்டையைத் திருப்பிப் போட்டு வரையுங்கள். 16 கேஜ், அதாவது 1.5 மி.மீ. தகடு போதும். தரைக்கு 18 கேஜ், 1.2 மி.மீ. மடிப்புக் கோடுகளை உள்விளிம்பிலா வெளிவிளிம்பிலா குறித்தோம் என்பதில் குழப்பம் வந்தால் அகலம் 3 மி.மீ. மாறிவிடும். அதனால் முதலில் ஒரு சாண் துண்டில் மடித்துப் பாருங்கள்.

பழையதை எடுக்கும்போது கிரைண்டரால் இழுத்து வெட்டாமல், ஸ்பாட் வெல்டுகளை (தொழிற்சாலையில் தகடுகளைச் சேர்த்த புள்ளி வெல்டுகள்) ஒவ்வொன்றாகத் தேடி 8 மி.மீ. கட்டரால் குடைந்து எடுங்கள். பெயின்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்தால் வட்ட வட்டமாகத் தெரியும். எரிச்சலான வேலைதான். ஆனால் பழைய சேனல் முழுதாக வந்தால் அதுவே இன்னொரு அளவு.

புதுச் சேனலின் விளிம்பில் 35, 40 மி.மீ. இடைவெளியில் 8 மி.மீ. ஓட்டைகள் போடுங்கள், அவற்றின் வழியே பிளக் வெல்டு, அதாவது ஓட்டையை நிரப்பி அடித் தகட்டோடு பிடிக்கும் வெல்டு. இரண்டு தகடும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். கிளாம்பு எட்டாத இடத்தில் தற்காலிகமாக ஸ்க்ரூ போட்டு இழுத்துக்கொள்ளுங்கள். 0.6 மி.மீ. கம்பி, ஆர்கான் கலந்த கேஸ். வரிசையாக அடிக்காமல் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மாற்றி மாற்றி அடியுங்கள். கையை வைத்தால் பொறுக்கும் சூடு வந்த பிறகுதான் பக்கத்து ஓட்டை. தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம்.

வரிசை முக்கியம்: சேனலும் மவுண்ட்டும் முதலில், ராக்கர் அடுத்து, தரை கடைசி. புது ரப்பரையும் போல்ட்டையும் மவுண்ட்டில் தளர்வாக மாட்டி, சேனல் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே முதல் வெல்டு.

விட்டமும் தூணும்

வலுவூட்ட ஆசை இருந்தால் அதற்கான இடம் மவுண்ட் போல்ட்டைச் சுற்றிய பகுதி மட்டும்தான். எடை எல்லாம் ஒரு வாஷர் அளவு வட்டத்தில் வந்து இறங்குகிறது. அங்கே 3 மி.மீ. தகடு ஒன்றை உள்பக்கம் இரட்டிப்பாக வைக்கலாம். அதன் மூலைகளை உருட்டிவிடுங்கள், சேனலின் நீளவாக்கில் முனையைக் கூராக்கிக்கொண்டு போங்கள். சுற்றி முழு வெல்டிங் வேண்டாம், பிளக் வெல்டு போதும். கனத்திலிருந்து மெல்லியதற்கு எடை படிப்படியாக இறங்க வேண்டும்.

இன்னொன்று: எக்காரணம் கொண்டும் கேபினைச் சேசிஸோடு சேர்த்து வெல்டு செய்யாதீர்கள். சேசிஸ் முறுக்குவதற்காகவே செய்யப்பட்டது, அந்த முறுக்கைக் கேபினுக்குப் போகாமல் வாங்கிக்கொள்ளத்தான் ரப்பர்.

மூன்றாம் கியர்

சொன்னபடி வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். டியூப் நன்றாக இருக்கிறது. சுத்தியலால் தட்டினால் மணி மாதிரி சத்தம். அதைப் பிடித்திருந்த தகடுதான் கிழிந்திருக்கிறது. ராக்கர் பக்க முனையில், வெல்டிங் முடியும் இடத்தைச் சரியாக ஒட்டியபடியே 70 மி.மீ. நீள விரிசல். மேலே கம்பளம் இருந்ததால் தெரியவே இல்லை. நடு மேட்டுப் பக்கமும் மயிரிழை மாதிரி ஒன்று ஆரம்பித்திருக்கிறது.

டியூபின் அடியில் சின்ன ஓட்டை போட்டேன். ஒரு கைப்பிடி ஈரத் துரு கொட்டியது. இரண்டு முனையும் அடைத்திருந்ததால் உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லை. நீலவண்டி, என் பேச்சைக் கேட்டு நீங்கள் செய்யாதது நல்லதாயிற்று.

தகரவேலை

நேர்மையாகப் பார்த்து எழுதியதற்கு நன்றி தம்பி. இந்த இழையிலேயே பெரிய உதவி இந்தப் பதிவுதான்.

பின்சக்கரம்

அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் இரண்டு பேருமே தரையை மூடாதீர்கள். இந்த வண்டிகளில் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்றுத் துளைகள் வழியே மழையும் இலைச் சருகும் இறங்கும். சருகு பக்கவாட்டில், கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றுப் பெட்டியில் போய் மக்கி, பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து கசிவது பில்லரின் அடிக்கும் ராக்கருக்கும்தான். இரண்டாவது சந்தேகம் முன் கண்ணாடியின் ரப்பர்.

ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காருங்கள், இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்கட்டும். கீழிருந்து மேலே, ஒரு இடத்துக்கு ஐந்து நிமிடம். எடுத்ததும் கூரையில் ஊற்றினால் எல்லா இடத்திலும் ஒழுகும், எது காரணம் என்று தெரியாது.

நீலவண்டி

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

ஹோஸ் சோதனையில் இரண்டுமே ஒழுகியது. காற்றுப் பெட்டியிலிருந்து ஒரு வாளி மக்கிய சருகு வந்தது, மண்புழுகூட இருந்தது. கண்ணாடி ரப்பரை மாற்றிவிட்டேன்.

சேனலை மூன்று முறை மடித்தேன். முதலாவது 3 மி.மீ. அகலம் கூடிவிட்டது, தகரவேலை அண்ணன் எச்சரித்த அதே தப்பு. இரண்டாவதை இடது வலது மாற்றி மடித்துவிட்டேன். மூன்றாவது உட்கார்ந்தது. விளிம்புகளுக்கு வெல்டிங்குக்கு முன் துத்தநாக பிரைமர், பிளக் ஓட்டைகளை மட்டும் பளபளவென்று தேய்த்துக்கொண்டேன். மவுண்ட்டில் 3 மி.மீ. இரட்டைத் தகடு, முனைகளைச் சீவி வைத்தது. வெல்டிங் முழுக்க முடிக்க நாலு மாலைப்பொழுது ஆனது. ஒவ்வொரு பத்து பிளக்குக்கும் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். ஒருமுறை மட்டும் பூட்டு லேசாக உரசியது. ஒரே பக்கத்தில் நாலு பிளக் தொடர்ந்து அடித்துவிட்டிருந்தேன். ஆறவிட்டு எதிர்ப்பக்கம் அடித்ததும் சரியானது.

சேனலின் தாழ்ந்த முனையில் 10 மி.மீ. வடிகால் ஓட்டை இரண்டு. தரைத் தகட்டை 20 மி.மீ. மேலேறும்படி வைத்து, மூட்டுகளில் சீலர். பெயின்ட் காய்ந்த பிறகு வளையும் குழாய் வழியே உள்ளே துரு தடுக்கும் மெழுகு அடித்தேன். வடிகால் ஓட்டையில் மெழுகு சொட்டியது, அப்படியென்றால் முனை வரை போயிருக்கிறது. சொட்டு நின்றதும் கம்பி விட்டு ஓட்டையைத் திறந்துவிட்டேன்.

பிரேஸை அறுக்கும்போது கை நடுங்கியது. அறுத்த பிறகு அளந்தேன். கோடு அரை மி.மீ. இறங்கியிருக்கிறது. அவ்வளவே.

தகரவேலை

அரை மி.மீ. தொழிற்சாலையிலேயே இருந்திருக்கும். புது ரப்பர் கொஞ்சம் அமுங்கும், அதனால் ஒரு மாதம் ஓட்டிய பிறகு மவுண்ட் போல்ட்களை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். தேவைப்பட்டால் ஒரு ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு வலது பக்கம்.

மூன்றாம் கியர்

நீலவண்டி, உங்கள் அட்டை டெம்ப்ளேட்டின் அளவுகளை இங்கே போட முடியுமா? அடுத்த மாதம் என் டியூபை அறுக்கப் போகிறேன். எனக்கு இரண்டு பக்கமும் டியூப்தான், பார்த்து அளவெடுக்கப் பழைய சேனலே இல்லை.

நீலவண்டி

எண்களாகப் போட்டால் என் தப்பும் சேர்ந்து உங்களுக்கு வந்துவிடும். அட்டையையே அனுப்புகிறேன், முகவரியைத் தனிச்செய்தியில் கொடுங்கள். அதில் நடு மேட்டுப் பக்க முனையை மட்டும் 15 மி.மீ. நீளமாக விட்டிருக்கிறேன், உங்கள் தரையில் வைத்துப் பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் டியூபை அறுப்பதற்கு முன்னால் கதவுக் கோட்டை அளந்து எழுதுங்கள், இரண்டு பக்கமும். டேங்க்கையும் முதலில் கழற்றிவிடுங்கள்.